எம்.ஓ.டி. முடிந்த காரை ஓட்டி மோதிவிட்டீர்களா? இழப்பீடு கேட்பது எப்படி

"மாமா, வண்டி இடித்துவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எம்.ஓ.டி. முடிந்து பத்தொன்பது நாள் ஆகிவிட்டதாம். இப்போதுதான் பார்த்தேன்."

இங்கிலாந்தின் கவென்ட்ரியிலிருந்து அக்கா மகன் பேசினான். எம்.ஓ.டி. என்பது பிரிட்டனில் கார் ஓடத் தகுந்த நிலையில் இருக்கிறதா என்று பார்க்கும் ஆண்டுச் சோதனை, அதற்கான சான்றிதழ். நவம்பர் மாலை, ஐந்தரைக்கே இருட்டி மழை வேறு. ரவுண்டபவுட்டுக்குள் நுழையப் போவதுபோல் நகர்ந்த முன்வண்டி சட்டென்று நின்றிருக்கிறது. இவன் வலப்பக்கம் வரும் வண்டியைப் பார்த்துக்கொண்டே போய் அதன் பின்னால் இடித்திருக்கிறான். தவறு இவனுடையதுதான். அடுத்து அவன் கேட்டதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது: "எம்.ஓ.டி. இல்லாவிட்டால் இன்சூரன்ஸே செல்லாதாமே? சொல்லாமலே விட்டுவிடலாமா?"

பிரிட்டனுக்குப் புதிதாக வந்த நம்மவர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால் தங்களுக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள், அல்லது பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டும் வேண்டாம். எம்.ஓ.டி. இல்லாமல் ஓட்டியது ஒரு குற்றம், அதற்குத் தண்டனை தனியாக இருக்கிறது. காப்பீடு இன்னொரு கணக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இந்த எம்.ஓ.டி. என்னதான்?

போக்குவரத்து அமைச்சகம் (மினிஸ்ட்ரி ஆஃப் டிரான்ஸ்போர்ட்) 1960இல் தொடங்கிய சோதனை இது. அந்த அமைச்சகத்தின் பெயரே மாறிவிட்டது, மூன்று எழுத்துகள் மட்டும் நின்றுவிட்டன. முதலில் பத்து வயதான வண்டிகளுக்குத்தான் இருந்தது. இப்போது கார் முதன்முதலில் பதிவாகி மூன்று ஆண்டு நிறைந்ததும் தொடங்கி, ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். வட அயர்லாந்தில் மட்டும் நான்கு ஆண்டு.

ஊரில் சொந்தக் கார் வைத்திருந்தவர்களுக்கு இது பிடிபடாது. அங்கே ஆர்.சி. புத்தகம் பதினைந்து ஆண்டுக்குச் செல்லும், எஃப்.சி. என்றாலே லாரி, வாடகைக் கார் சமாசாரம். இங்கே பதினோரு வயதுக் காரை யாரிடமாவது வாங்கும்போது "எம்.ஓ.டி. எட்டு மாதம் இருக்கிறது" என்பார்கள். அந்த எட்டாவது மாதம் வரும்போது யாரும் கடிதம் போட்டு நினைவூட்ட மாட்டார்கள். அரசின் கவ்.யுகே தளத்தில் பதிவு செய்துவைத்தால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ இலவசமாக வரும். பதிவு செய்கிறவர்கள்தான் குறைவு. நீலப் பலகையில் மூன்று வெள்ளை முக்கோணம் போட்ட எந்தக் கராஜிலும் சோதனை செய்துகொள்ளலாம். காருக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்ட்.

எம்.ஓ.டி. இல்லாமல் ஓட்டினால் 1,000 பவுண்ட் வரை அபராதம், ஓட்டுநர் உரிமத்தில் தண்டனைப் புள்ளி கிடையாது. காப்பீடே இல்லாமல் ஓட்டினால் குறைந்தது ஆறு புள்ளி. இரண்டையும் சட்டம் ஒரே தராசில் வைக்கவில்லை என்பது இதிலேயே தெரிகிறது. முன்கூட்டியே நேரம் வாங்கிவைத்த சோதனைக்குப் போகும் வழியில் ஓட்டினால் அது குற்றமே இல்லை. நேரம் வாங்கியதற்கான குறுஞ்செய்தியை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

மோதிய இடத்தில்

இது எம்.ஓ.டி. உள்ளவர், இல்லாதவர் எல்லோருக்கும் பொது. வண்டியை நிறுத்துங்கள். பெயர், முகவரி, வண்டி எண், காப்பீட்டு நிறுவனம் ஆகியவற்றைக் கொடுத்து வாங்குங்கள். மாற்றிக்கொள்ள முடியாமல் போனால் முடிந்தவரை சீக்கிரமாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள், காவல்துறையிடம் நேரில் தெரிவிக்க வேண்டும். யாருக்காவது காயம்பட்டு, அங்கேயே காப்பீட்டுச் சான்றைக் காட்ட முடியவில்லை என்றாலும் இதே விதிதான். எம்.ஓ.டி. இல்லை என்று பயந்து அங்கிருந்து நழுவுவதைவிட மடத்தனம் இல்லை. நிற்காமல் போவது எம்.ஓ.டி. குற்றத்தைவிடப் பல மடங்கு பெரியது.

"சாரி, என் தப்புதான்" என்று நடுத்தெருவில் சொல்லிவிடாதீர்கள். நலமா என்று கேளுங்கள், போதும். பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பெரும்பாலான பாலிசிகளில் எழுதியே இருக்கும். எதிராளியிடம் உங்கள் எம்.ஓ.டி. பற்றிப் பேச வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. அவர் வேண்டுமானால் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்துக்கொள்வார், அந்தத் தகவல் யாருக்கும் திறந்திருக்கிறது.

டயரைப் படம் எடுங்கள்

நசுங்கிய பம்பரை எல்லோரும் படம் எடுப்பார்கள். எம்.ஓ.டி. இல்லாதவர் அதற்கு முன்னால் எடுக்க வேண்டியது டயரை. பின்னால் நடக்கப்போகும் வாதமெல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வரும்: வண்டி இருந்த நிலையால் விபத்து நடந்ததா? மழையில் பின்னால் இடித்த வழக்கில் நிறுவனத்தின் இன்ஜினியர் முதலில் குனிந்து பார்ப்பது டயரையும் பிரேக்கையும்தான்.

அக்கா மகனிடம் அன்றே சொன்னேன்: "ஒரு இருபது பென்ஸ் காசை எடு. நான்கு டயரிலும் பள்ளத்துக்குள் நிறுத்திப் படம் எடு." ஊரில் டயரில் 'பட்டன்' என்கிறோமே, அந்தப் பள்ளம் இங்கே 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. காசை உள்ளே விட்டால் அதன் வெளி விளிம்புப் பட்டை மறைந்துபோக வேண்டும். பட்டை வெளியே தெரிந்தால் டயர் சட்ட வரம்புக்குக் கீழே இருக்கக்கூடும். அவன் கைப்பேசி வெளிச்சத்தில் மழையில் குந்தி எடுத்த நான்கு படங்கள்தான் மூன்று மாதம் கழித்து அவனைக் காப்பாற்றின. ஒரு படத்தில் காசின் விளிம்புப் பட்டை சுத்தமாக மறைந்திருந்தது, அவ்வளவு ஆழம்.

அதோடு டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு ஏதும் எரியவில்லை என்பதற்கு ஒரு படம், கிலோமீட்டர் அல்ல, மைல் கணக்கைக் காட்டும் மீட்டருக்கு ஒரு படம். வீட்டுக்கு வந்ததும் கடைசியாக எண்ணெய் மாற்றியது, பிரேக் பேட் போட்டது என்று கராஜ் ரசீது எது இருந்தாலும் தேடி எடுங்கள். வண்டி விற்றவர் கொடுத்த கோப்பைக் குப்பையில் போட்டிருக்காவிட்டால் அதில் நிறையக் கிடைக்கும்.

பிறகு கவ்.யுகே தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து எம்.ஓ.டி. வரலாற்றை எடுத்துப் படியுங்கள். நிறுவனமும் அதைத்தான் படிக்கும். 2018 மே மாதத்திலிருந்து குறைகளை அபாயமானது, பெரியது, சிறியது என்று பிரித்து எழுதுகிறார்கள். இவற்றுக்குக் கீழே 'அறிவுரை' என்று ஒரு பகுதி வரும். "முன் பிரேக் டிஸ்க் தேய்ந்திருக்கிறது, ஆனால் பெரிதாக வலுவிழக்கவில்லை" என்பது போன்ற வரிகள் அங்கே இருக்கும். போன ஆண்டு அறிவுரையாக இருந்ததை நீங்கள் சரிசெய்திருந்தால் அந்த ரசீது தங்கம். சரிசெய்யவில்லை என்றால் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளப் போவது அந்த வரியைத்தான். அதற்கு இப்போதே பதில் யோசித்துவையுங்கள்.

நிறுவனத்தின் ஆள் பார்க்கும்வரை டயரையோ பிரேக்கையோ மாற்றாதீர்கள். நல்லெண்ணத்தில் புது டயர் போட்டுவிட்டு, பழைய டயர் நன்றாகத்தான் இருந்தது என்று நிரூபிக்க முடியாமல் நின்றவர் ஒருவரை எனக்குத் தெரியும். பழைய இரும்புக்காரரிடம் வண்டியைத் தள்ளிவிடுவதும் கூடாது. ஆதாரமே அந்த வண்டிதான்.

நிறுவனத்துக்குத் தொலைபேசி

இழப்பீடு கேட்கப்போவதில்லை என்று முடிவெடுத்தாலும் விபத்தைத் தெரிவித்தாக வேண்டும். எத்தனை மணி நேரத்துக்குள் என்று பாலிசியில் இருக்கும். மறுமுனையில் பேசுபவர் வரிசையாகக் கேள்வி கேட்பார். எம்.ஓ.டி. இருக்கிறதா என்பதும் வரும். "இல்லை, இந்தத் தேதியில் முடிந்துவிட்டது, நான் கவனிக்கவில்லை" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அழுது விளக்க வேண்டாம். "இருக்கிறது என்று நினைக்கிறேன்" என்ற மழுப்பல் அறவே வேண்டாம், அவர் கணினியில் பத்து நொடியில் உண்மை தெரிந்துவிடும். தேதி முடிந்தது ஒரு கவனக்குறைவு. அதை மறைத்தால் உங்கள் கோப்பு மோசடிப் பிரிவுக்குப் போகும். அங்கே போய்விட்ட கோப்புக்குக் கீழே நான் சொல்லப்போகும் பாதுகாப்பு எதுவும் உதவாது.

பேசியவரின் பெயர், நேரம், கோப்பு எண் மூன்றையும் எழுதிவையுங்கள். "எம்.ஓ.டி. இல்லாததால் பாலிசி செல்லாது" என்று தொலைபேசியிலேயே யாராவது சொன்னால் வாதாடாதீர்கள். "அதை எந்த விதியின்படி என்று எழுத்தில் அனுப்புங்கள்" என்று மட்டும் கேளுங்கள். எழுதச் சொன்னதும் பலருக்குக் குரல் இறங்கிவிடும்.

சட்டம் யார் பக்கம்?

எதிராளியின் இழப்பை முதலில் பார்ப்போம். அவருடைய கார், அவருடைய கழுத்து வலி. 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 148ஆவது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. உங்கள் வண்டியின் நிலையைக் காரணம் காட்டி, சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாம் நபர் பொறுப்பிலிருந்து நிறுவனம் தப்ப முடியாது. அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அந்தப் பிரிவு ஒன்றின் பலத்தால் மட்டுமே கொடுக்க நேர்ந்தால், அந்தத் தொகையை உங்களிடமிருந்து வசூலிக்கும் உரிமையையும் அதே பிரிவு நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே "எப்படியும் கொடுத்துவிடுவார்கள்" என்று கால் நீட்டிப் படுத்துவிட வேண்டாம்.

உங்கள் சொந்தக் காருக்கு இழப்பீடு கிடைக்க முழுக் காப்பீடு இருக்க வேண்டும். வெறும் மூன்றாம் நபர் காப்பீடு என்றால், தவறு உங்களுடையதாக இருக்கும்போது, எம்.ஓ.டி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் காருக்கு ஒரு பென்ஸ் வராது.

முழுக் காப்பீடு என்றால் இரண்டு கேடயங்கள் உண்டு. ஒன்று, நிதி நடத்தை ஆணையமான எஃப்.சி.ஏ. நிறுவனங்களுக்குப் போட்டிருக்கும் விதி. நிபந்தனையை மீறினார் என்று சொல்லித் தனிநபரின் கோரிக்கையை மறுக்க வேண்டுமானால், அந்த மீறலுக்கும் நடந்த சம்பவத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும். தொடர்பு இல்லாமல் மறுப்பது நியாயமற்றது. இரண்டு, 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த 2015ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம். அதன் 11ஆவது பிரிவின் சாரமும் இதுதான்: நீங்கள் பின்பற்றாத நிபந்தனை, நடந்த இழப்பின் ஆபத்தை அந்தச் சூழ்நிலையில் கூட்டியிருக்க முடியாது என்று காட்டிவிட்டால், நிறுவனம் அந்த நிபந்தனையைப் பிடித்துத் தொங்க முடியாது.

இருபது பென்ஸ் காசின் அருமை இங்கேதான் விளங்குகிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது உங்களைப் பின்னால் வந்து இடித்தால், எம்.ஓ.டி. இருந்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். நீங்களே இடித்திருந்தால், டயரும் பிரேக்கும் ஒழுங்காக இருந்தன, கவனம்தான் தவறியது என்று காட்ட வேண்டும். கவனம் தவறியதற்காகத்தான் காப்பீடு வாங்குகிறோம். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

பாலிசியை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். "வண்டி சாலையில் ஓடத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும்" என்றுதான் பெரும்பாலும் இருக்கும். சில பாலிசிகளில் எம்.ஓ.டி. இருக்க வேண்டும் என்றே எழுதியிருப்பார்கள். முதல் வகையில் சான்றிதழ் இல்லாதது மட்டுமே மீறல் ஆகாது. சான்றிதழ் முடிந்த மறுநாள் காலை வண்டி பழுதாகிவிடுவதில்லை.

மொட்டை டயரோடு ஓட்டியிருந்தால், அல்லது சோதனையில் அபாயமான குறை என்று எழுதி அனுப்பிய பிறகும் ஓட்டியிருந்தால், நிலைமை வேறு. எதிராளிக்குச் சேர வேண்டியது அவருக்குப் போய்ச் சேரும், உங்கள் காருக்குக் கிடைப்பது கடினம். அப்போது இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வழக்கறிஞரைப் பாருங்கள். இந்திய, இலங்கை உரிமத்தோடு வந்தவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம்தான் அந்த உரிமம் செல்லும். பதிமூன்றாம் மாதத்தில் விபத்து என்றால் அது எம்.ஓ.டி.யைவிடப் பெரிய தலைவலி.

மறுக்க மாட்டார்கள், கழிப்பார்கள்

முழுவதும் மறுப்பது அபூர்வம். வழக்கமாக நடப்பது இதுதான்: பழுது பார்க்கும் செலவு காரின் மதிப்பைத் தாண்டுகிறது என்று சொல்லி, சந்தை மதிப்பைக் கணக்கிட்டு, எம்.ஓ.டி. இல்லை என்று ஒரு பகுதியைக் கழித்து, அதிலிருந்து எக்ஸஸ் தொகையையும் (ஒவ்வொரு கோரிக்கையிலும் நாமே ஏற்க வேண்டிய பங்கு) எடுத்துவிட்டு ஒரு கடிதம் வரும்.

அக்கா மகனுக்கு வந்த கடிதத்தில் மதிப்பு 1,800 பவுண்ட், எம்.ஓ.டி. இல்லாததற்கு 540 கழிவு என்று இருந்தது. ஏன் 540, ஏன் 400 இல்லை? விளக்கம் ஒரு வரிகூட இல்லை. ஏதோ ஒரு விழுக்காட்டை எடுத்து அப்படியே அடித்திருக்கிறார்கள்.

எம்.ஓ.டி. இல்லாத கார் சந்தையில் கொஞ்சம் குறைவாகத்தான் போகும், அது உண்மை. அதை மறுத்து வாதாடினால் நம் பேச்சுக்கு மதிப்பு போய்விடும். கேட்க வேண்டியது, எவ்வளவு என்பதைத்தான். நல்ல நிலையில் இருந்த காரை வாங்குபவர் எம்.ஓ.டி. இல்லை என்று எவ்வளவு குறைத்துக் கேட்பார்? சோதனைக் கட்டணம், அலைச்சல், ஏதாவது பழுது இருக்குமோ என்ற சந்தேகத்துக்குக் கொஞ்சம். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கா குறைப்பார்?

நாங்கள் அனுப்பிய கடிதத்தில் ஐந்தே விஷயங்கள்தான் இருந்தன. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"உங்கள் இன்ஜினியரின் அறிக்கையின் நகலை அனுப்புங்கள். கழிவு எந்தப் பழுதின் அடிப்படையில், எப்படிக் கணக்கிடப்பட்டது என்று எழுதுங்கள். விபத்தன்று எடுத்த டயர் படங்களையும், சென்ற ஆண்டின் எம்.ஓ.டி. பதிவையும், பிரேக் பேட் மாற்றிய ரசீதையும் இணைத்திருக்கிறேன். இதே ஆண்டு, இதே மாடல், ஏறத்தாழ இதே மைல் ஓடிய ஐந்து கார்களின் விற்பனை விளம்பரங்களையும் இணைத்திருக்கிறேன். இதற்குத் திருப்தியான பதில் இல்லையென்றால் இதை முறையான புகாராக எடுத்துக்கொள்ளுங்கள்."

விளம்பரங்களைச் சேகரிப்பதில் நேர்மையாக இருங்கள். அதிக விலை போட்ட ஐந்தை மட்டும் பொறுக்கி அனுப்பினால் அடுத்த முனையில் இருப்பவர் சிரிப்பார். நடுத்தரமானவற்றை அனுப்புங்கள். அறிக்கையைத் தர மறுத்தால், உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவல்களைக் கேட்கும் தரவுப் பாதுகாப்புச் சட்ட உரிமையைப் பயன்படுத்தலாம். வழக்கமாக ஒரு மாதத்துக்குள், கட்டணமில்லாமல் கொடுக்க வேண்டும்.

அறிக்கை வந்தது. அதில் டயர்கள் நான்கும் 4 மில்லிமீட்டருக்கு மேல், பிரேக்கில் குறை இல்லை என்று அவர்கள் ஆளே எழுதியிருந்தார். அதைச் சுட்டிக்காட்டி இன்னொரு கடிதம் போட்டதும் கழிவு 540இலிருந்து 150க்கு இறங்கியது. அதையும் குறைத்திருக்கலாம் என்பது என் கருத்து. அவனுக்குப் பொறுமை போய்விட்டது, வாங்கிக்கொண்டான்.

பேச்சு நடக்கும்போதே அவர்கள் தருவதாகச் சொல்லும் தொகையை இடைக்காலமாக அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் "இத்துடன் கணக்கு முடிந்தது" என்ற வாசகத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இறங்கி வராவிட்டால்

புகார் கொடுத்த நாளிலிருந்து எட்டு வாரம் நிறுவனத்துக்கு அவகாசம். இறுதிப் பதில் வந்தாலும், எட்டு வாரம் பதிலே இல்லாமல் ஓடினாலும், நிதி, காப்பீட்டு நிறுவனங்கள் மீதான புகார்களைத் தீர்த்துவைக்கும் ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மன் சர்வீஸுக்குப் போகலாம். இறுதிப் பதில் வந்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பு உதவி கேட்கலாம். அவர்கள் பார்ப்பதும் அதே இரண்டு கேள்விகளைத்தான்: வண்டியின் நிலை விபத்துக்குக் காரணமா, கழித்த தொகைக்கு ஆதாரம் இருக்கிறதா. ஆம்பட்ஸ்மனின் முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

தவறு எதிராளியுடையது என்றால்

உங்கள் நிறுவனத்தைத் தொடாமல் அவருடைய நிறுவனத்திடமே கேட்கலாம். அங்கே உங்கள் பாலிசி நிபந்தனைகளுக்கு வேலையே இல்லை. "உங்களிடம் எம்.ஓ.டி. இல்லையே" என்று அவர்கள் ஆரம்பித்தால், "என்னை இடித்தது உங்கள் வாடிக்கையாளர், என் சான்றிதழ் அல்ல" என்பதே பதில். கார் மதிப்பில் கொஞ்சம் குறைக்கப் பார்ப்பார்கள், அதற்கு மேலே சொன்ன வழிதான்.

மாற்றுக் கார் வாடகைதான் இழுபறியாக இருந்தது. சட்டப்படி ஓட்ட முடியாத காருக்குப் பதிலாக வாடகைக் கார் எதற்கு என்று நிறுவனங்கள் கேட்டன, சில நீதிமன்றங்களும் அதை ஏற்றன. எம்.ஓ.டி. முடிந்து நான்கரை மாதமான கார் ஒன்றின் வழக்கில், 2024 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. எம்.ஓ.டி. இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து வாடகையை மறுக்க முடியாது என்றது. ஆனாலும் வாடகைக் கார் நிறுவனங்கள் நீட்டும் காகிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். எதிர்த்தரப்பு கொடுக்காவிட்டால் அந்தப் பில் உங்கள் தலையில் விழக்கூடும்.

அடுத்த ஆண்டு பாலிசி வாங்கும்போது

கடந்த ஐந்து ஆண்டில் விபத்து உண்டா என்று பெரும்பாலும் கேட்பார்கள். இழப்பீடு வாங்கியிருந்தாலும் வாங்காவிட்டாலும் உண்டு என்று எழுதுங்கள். கட்டணம் ஏறும். அக்கா மகனுக்கு ஏறியது. புதிதாக வாங்கிய காரின் எம்.ஓ.டி. மார்ச் 14இல் முடிகிறது. ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக முன்கூட்டியே சோதனை செய்தாலும் பழைய தேதி மாறாது என்பதால் பிப்ரவரி 15க்கு அவனே நேரம் வாங்கிவிட்டான். அந்தக் குறுஞ்செய்தியை எனக்கும் அனுப்பியிருக்கிறான்.